‘அந்த நொதியை அடைத்தால் போதும்’ என்று எழுதுவது ஏன் தவறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில் அல்சைமர் நோய் பற்றி வெளியான கட்டுரை மூன்று விஷயங்களைச் சொல்கிறது. மூளையில் அமிலாய்டு என்ற புரதத் துண்டுகள் படிவதற்குக் காரணம் காமா செக்ரிடேஸ் என்ற ‘ஒரு புரதம்’; நோயாளிகளிடம் அது ‘அளவுக்கு மீறி வேலை செய்கிறது’; அதை மருந்து கொடுத்து அடைத்துவிட்டால் நோய் நின்றுவிடும். மூன்றுமே தவறு. இதோடு, அறுபது வயதைக் கடந்தவர்கள் ப்ரெசெனிலின் மரபணுவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று ஒரு பெட்டிச் செய்தி வேறு. முதல் மூன்றும் படிப்பவர்களைக் குழப்பும். நான்காவது அவர்கள் பணத்தையும் நிம்மதியையும் சேர்த்துக் கெடுக்கும். உயிர்வேதியியல் கற்பிப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

முதலில் ‘ஒரு புரதம்’ என்பதை எடுத்துக்கொள்வோம். காமா செக்ரிடேஸ் என்பது செல் சவ்வில் இருந்து பிற புரதங்களை வெட்டும் நொதி. அது ப்ரெசெனிலின், நிகாஸ்ட்ரின், ஏபிஎச்-1, பென்-2 என்ற நான்கு புரதங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து அமையும் கூட்டு. புரத எடை மட்டும் சுமார் 170 கிலோடால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு). நிகாஸ்ட்ரின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளையும் சேர்த்தால் 230 வரை போகும். நான்கில் ஒன்று குறைந்தாலும் வெட்டு விழாது. இதற்கு நேரடியான நிரூபணம் 2003-இல் ஜெர்மனியில் கிறிஸ்டியன் ஹாஸ் குழுவிடமிருந்து வந்தது. ஈஸ்ட் செல்லில் இந்த நொதி இயல்பாகவே கிடையாது. அதற்குள் நான்கு மனிதப் புரதங்களையும் ஒன்றாக உற்பத்தி செய்ய வைத்ததும் வெட்டும் வேலை தொடங்கியது. ஐந்தாவதாக ஒரு புரதம் தேவைப்படவில்லை.

நான்கில் வெட்டுவாய் இருப்பது ப்ரெசெனிலினில். 467 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம் செல் சவ்வை ஒன்பது முறை ஊடுருவுகிறது. ஆறாவது ஊடுருவலில் 257-ஆம் இடத்திலும், ஏழாவதில் 385-ஆம் இடத்திலும் ஆஸ்பார்ட்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம் ஒவ்வொன்று உண்டு. இரண்டும் சவ்வின் கொழுப்புக்குள்ளேயே எதிரெதிராக நின்று நீர் மூலக்கூறைப் பயன்படுத்திப் புரதச் சங்கிலியை வெட்டுகின்றன. நீரே அண்டாத கொழுப்புக்குள் நீரால் வெட்டுவதா என்று ஆரம்பத்தில் பலர் நம்ப மறுத்தார்கள். 1998-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் பார்ட் டி ஸ்ட்ரூப்பர் குழு, ப்ரெசெனிலின் 1 இல்லாத எலிக்கரு நரம்புச் செல்களில் இந்த வெட்டு வெகுவாகக் குறைவதைக் காட்டியது. 1999-இல் மைக்கேல் உல்ஃப் குழு அந்த இரண்டு ஆஸ்பார்ட்டிக் அமிலங்களில் ஏதாவது ஒன்றை மாற்றினாலே வேலை நின்றுபோவதைக் காட்டியது. அதற்குப் பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் ப்ரெசெனிலின் பிறந்தவுடனே வெட்டத் தயாராக இருப்பதில்லை. ஆறாவது, ஏழாவது ஊடுருவல்களுக்கு நடுவே உள்ள வளையத்தில் அது தானே இரண்டாக வெட்டுப்பட வேண்டும். அப்படிப் பிரிந்த சுமார் 30 கிலோடால்டன் முன்துண்டும், 20 கிலோடால்டன் அளவுள்ள பின்துண்டும் பிரியாமல் ஒட்டியே இருந்து வேலை செய்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் ஓர் ஆஸ்பார்ட்டிக் அமிலம் இருப்பதால் ஒன்றில்லாமல் மற்றதால் பயனில்லை. இந்தத் தன்வெட்டை உயிருள்ள திசுக்களில் முதலில் விவரித்தது 1996-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் கோபால் தினகரன், அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சங்கிராம் சிசோடியாவின் ஆய்வகத்தில் இருந்தவர். வெளிநாட்டுப் பெயர்களை வரிசையாக அடுக்கிய தங்கள் கட்டுரையில் இந்தப் பெயர் விடுபட்டது எங்களுக்கு ஒரு சிறு வருத்தம்.

நிகாஸ்ட்ரினுக்கு 709 அமினோ அமிலங்கள். சவ்வை ஒரே ஒரு முறைதான் கடக்கிறது. மீதி உடம்பெல்லாம் வெளியே, வெட்டுவாய்க்கு மேலே ஒரு பெரிய தலையாகக் கவிந்து நிற்கிறது. பரம்பரை அல்சைமர் ஆய்வில் இடம்பெற்ற இத்தாலியின் நிகாஸ்ட்ரோ ஊரை ஒட்டி 2000-இல் டொராண்டோ குழு வைத்த பெயர் அது. அதன் வேலை வாயிற்காவல். வெளிப்பக்கம் நீளமான தலையுடன் வருகிற புரதங்களை இந்தப் பெரிய உருவம் முட்டித் தள்ளிவிடுகிறது. தலை ஏற்கெனவே வெட்டப்பட்டுக் குட்டையானவை மட்டுமே உள்ளே நுழைய முடியும். அமிலாய்டு உருவாக, அதன் தாய்ப் புரதமான அமிலாய்டு முன்னோடிப் புரதத்தை முதலில் பீட்டா செக்ரிடேஸ் என்ற இன்னொரு நொதி வெட்டியாக வேண்டும், அதன் பிறகே காமாவின் முறை வரும் என்ற வரிசை இதனால்தான்.

ஏபிஎச்-1, பென்-2 இரண்டும் 2002-இல் உருளைப்புழுவில் நடந்த மரபணுத் தேடலில் சிக்கின. ஏழு முறை சவ்வைக் கடக்கும் ஏபிஎச்-1 நிகாஸ்ட்ரினையும் ப்ரெசெனிலினையும் பிடித்து நிறுத்தும் சட்டம். வெறும் 101 அமினோ அமிலங்கள் கொண்ட பென்-2 நால்வரில் மிகச் சிறியது, ஆனால் கடைசியாக வந்து சேர்ந்து ப்ரெசெனிலினின் தன்வெட்டைத் தூண்டுவது அதுதான். அது வராவிட்டால் ப்ரெசெனிலின் முழுச் சங்கிலியாகவே கிடக்கும்.

கூடும் வரிசையும் ஒழுங்கானது. செல்லுக்குள் புரதங்கள் உருவாகும் எண்டோபிளாச வலையில் நிகாஸ்ட்ரினும் ஏபிஎச்-1-உம் முதலில் இணையும், பிறகு ப்ரெசெனிலின், கடைசியில் பென்-2. முழுமையாகக் கூடாத கூட்டுகளைச் செல் அங்கேயே நிறுத்திவைக்கும், அல்லது அழித்துவிடும். கூடியவை அடுத்த நிலையமான கோல்கைக்குப் போய், நிகாஸ்ட்ரினில் முதிர்ந்த சர்க்கரைகள் ஏறிய பிறகே வேலைக்குப் போகின்றன. ஆய்வகத்தில் நிகாஸ்ட்ரின் 110, 130 கிலோடால்டன் என இரண்டு பட்டைகளாகத் தெரிவதன் காரணம் இதுதான். மேல்பட்டை மறைந்து கீழ்ப்பட்டை மட்டும் தெரிந்தால் கூட்டு எங்கோ பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். மேலும் ஒன்று: மனிதனில் ப்ரெசெனிலினுக்கு இரண்டு மரபணுக்கள், ஏபிஎச்-1-க்கும் இரண்டு. ஆகவே நம் உடம்பில் ஓடுவது ஒரே காமா செக்ரிடேஸ் அல்ல, குறைந்தது நான்கு வகை.

அடுத்து ‘அளவுக்கு மீறி வேலை செய்கிறது’ என்ற தவறு. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மருந்து முயற்சிகள் சறுக்கியதும் இதே இடத்தில்தான்.

பீட்டா செக்ரிடேஸ் விட்டுச்செல்லும் துண்டில் 99 அமினோ அமிலங்கள் இருக்கும். காமா செக்ரிடேஸ் அதை ஒரே வெட்டில் முடிப்பதில்லை. செல்லின் உட்பக்கத்துக்கு அருகே 48 அல்லது 49-ஆம் அமினோ அமிலத்துக்கு அடுத்து முதல் வெட்டு விழுகிறது. 50 அல்லது 51 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு உள்ளே உதிர்கிறது. மீதித் துண்டு நொதியின் பிடியிலேயே இருக்க, அதன் வாலைக் கரும்பு நறுக்குவது போல மும்மூன்றாக நொதி நறுக்கிக்கொண்டு போகிறது. 49-இல் தொடங்கினால் 46, 43, 40. 48-இல் தொடங்கினால் 45, 42, பிறகு நான்கு குறைந்து 38. இந்தப் படிமுறையைத் தெளிவாக நிறுவியது 2009-இல் ஜப்பானின் யசுவோ இஹாரா குழு.

ஆரோக்கியமான செல்லில் இப்படி வெளியே வரும் அமிலாய்டுத் துண்டுகளில் பெரும்பகுதி 40 அமினோ அமில நீளமுள்ளது. 42 நீளமுள்ளது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் வித்தியாசம் கடைசியில் உள்ள ஐசோலூசின், அலனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மட்டுமே. ஆனால் நீரை வெறுக்கும் அந்த இரண்டும் சேர்ந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழைகளாகத் திரள்கின்றன. மூளையில் படியும் தட்டுகளின் மையத்தில் அதிகம் இருப்பது இந்த 42.

பரம்பரையாக வரும் ப்ரெசெனிலின் பிறழ்வுகள் (மரபணு மாற்றங்கள்) செய்வது என்ன? நொதி துண்டைப் பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. 43, 42 என்ற படியிலேயே துண்டு நழுவி வெளியே போய்விடுகிறது. நறுக்கும் வேலை பாதியில் நிற்பதால் நீளமான துண்டுகளின் விகிதம் கூடுகிறது. பல பிறழ்வுகளில் மொத்த அமிலாய்டு உற்பத்தி குறையவே செய்கிறது; 42-க்கும் 40-க்கும் உள்ள விகிதம்தான் ஏறுகிறது. அதாவது நொதி வேகமாக ஓடுவதில்லை, வேலையை முடிக்காமல் விடுகிறது. அரைகுறையாக வேலை செய்கிற ஒன்றை முழுவதுமாக அடைத்து நிறுத்துவது தீர்வாகுமா என்ற கேள்வி இங்கேயே எழுந்திருக்க வேண்டும்.

எழவில்லை. எலி லில்லி நிறுவனத்தின் செமாகசெஸ்டாட் மாத்திரை மூன்றாம் கட்ட ஆய்வு வரை போய், 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. 1,537 பேர் பங்கேற்ற முதன்மை ஆய்வின் முடிவுகள் 2013-இல் வந்தன. மருந்து உண்டவர்களின் நினைவாற்றல் மேம்படவில்லை. அதிக அளவு எடுத்தவர்களுக்கு அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் வெற்று மாத்திரை உண்டவர்களைவிட மோசமானது. எடை குறைந்தது, தொற்றுகளும் தோல் புற்றுநோயும் கூடின. வேறொரு நிறுவனத்தின் அவாகசெஸ்டாட்டும் 2012-இல் கைவிடப்பட்டது.

காரணம் மர்மம் இல்லை. இந்த நொதி வெட்டும் புரதங்கள் நூறுக்கும் மேல். அவற்றில் முக்கியமானது நாட்ச். ஒரு செல் எந்த வகைச் செல்லாக வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் சமிக்ஞை அது. குடல், தோல், நோயெதிர்ப்புச் செல்கள் எல்லாமே ஆயுள் முழுக்க அதைச் சார்ந்திருக்கின்றன. ப்ரெசெனிலின் 1 அறவே இல்லாத எலிக்குட்டிகள் எலும்புக்கூடு சரியாக உருவாகாமல் பிறக்கும் தறுவாயிலேயே இறந்துபோவதை 1997-லேயே பார்த்தாயிற்று. அடைப்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. வெட்டப்படாத 99 அமினோ அமிலத் துண்டுகள் செல்லுக்குள் தேங்குகின்றன, அதுவும் நரம்புக்கு நல்லதல்ல.

வேடிக்கை என்னவென்றால், அல்சைமரில் ஒதுக்கப்பட்ட இதே வகை அடைப்பான் வேறோர் இடத்தில் மருந்தாகியிருக்கிறது. நிரோகசெஸ்டாட் என்ற மாத்திரையை டெஸ்மாய்டு என்னும் கட்டிகளுக்கு 2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அங்கே நாட்ச் சமிக்ஞையை அடைப்பதுதான் நோக்கமே. தங்கள் கட்டுரையில் ‘காமா செக்ரிடேஸ் மருந்து ஏற்கெனவே சந்தையில் உள்ளது’ என்ற வரி இதைத்தான் குறிக்கிறது என்றால், அது மறதி நோய்க்கானது அல்ல என்பதைக் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும்.

அடைக்காமல், நறுக்கும் வேலையை 38 வரை கொண்டுபோகத் தூண்டும் ‘சீரமைப்பான்’ வகை மூலக்கூறுகள் ஆய்வில் இருக்கின்றன. இப்யூப்ரோஃபென் போன்ற சில வலி மாத்திரைகள் செல்களில் 42-ஐக் குறைப்பதாக 2001-இல் ஒரு கட்டுரை வந்தது. ஆனால் அதற்குத் தேவையான செறிவை மனித மூளையில் மாத்திரையால் எட்ட முடியாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டாரென்ஃப்ளர்பில் 2008-இல் பெரிய ஆய்வில் தோற்றது. மறதி வராமலிருக்க வலி மாத்திரையைத் தினமும் விழுங்குபவர்களுக்கு மிஞ்சுவது வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்தான். அண்மையில் பேசப்படும் லெக்கனமாப் ஊசி இந்த நொதியைத் தொடுவதில்லை. உருவாகிவிட்ட அமிலாய்டைப் பிடித்து அகற்றும் எதிர்ப்புரதம் அது. தங்கள் கட்டுரை இரண்டையும் ஒரே பத்தியில் கலந்துவிட்டது.

இனி மரபணுப் பரிசோதனை. பெட்டிச் செய்தி பற்றி எங்களுக்கு உண்மையிலேயே கோபம். ப்ரெசெனிலின் 1 (14-ஆம் குரோமோசோம்), ப்ரெசெனிலின் 2 (1-ஆம் குரோமோசோம்), அமிலாய்டு முன்னோடிப் புரதம் (21-ஆம் குரோமோசோம்) ஆகிய மூன்று மரபணுக்களின் பிறழ்வுகளால் நேரடியாக வருவது மொத்த அல்சைமரில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே, ப்ரெசெனிலின் 1 என்றால் பலருக்கு முப்பதுகளிலும் நாற்பதுகளிலுமே அறிகுறி தொடங்கிவிடும். கொலம்பியாவின் அன்டியோகியா பகுதியில் ப்ரெசெனிலின் 1-இன் 280-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய பெரிய குடும்பக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே டிமென்ஷியா தொடங்கும் சராசரி வயது 49. எழுபது வயதில் பெயர்கள் மறக்கத் தொடங்கும் ஒருவருக்கு, குடும்பத்தில் வேறு யாருக்கும் இளவயதில் இந்த நோய் இல்லாதபோது, ப்ரெசெனிலின் பரிசோதனையால் எதுவும் தெரியப்போவதில்லை. ‘பிறழ்வு இல்லை’ என்று அறிக்கை வந்தாலும் அவருக்கு அல்சைமர் இல்லை என்றாகாது. அவர் முதலில் பார்க்க வேண்டியது பி12, தைராய்டு அளவுகள், உண்ணும் மாத்திரைகளின் பட்டியல், மனச்சோர்வு உண்டா என்பது, தலை ஸ்கேன். இவற்றில் சரிசெய்யக்கூடிய காரணம் சிக்கலாம்.

பரிசோதனை யாருக்குப் பொருந்தும்? நோய் இளவயதில் தொடங்கி, பெற்றோர், பிள்ளை என்று தலைமுறைதோறும் இறங்கிவரும் குடும்பங்களுக்கு. அங்கேயும் முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரை. அவரிடம் எந்தப் பிறழ்வு என்று தெரியாமல் ஆரோக்கியமான மகனையோ மகளையோ சோதித்து ‘எதுவும் இல்லை’ என்று சொல்லிவிட முடியாது. பிறழ்வு உறுதியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆகவே மரபணு ஆலோசகரைப் பார்க்காமல் ரத்தம் கொடுக்கக் கூடாது, பதினெட்டு வயது நிரம்பாதவர்களைச் சோதிக்கவே கூடாது. ஆய்வகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: மரபணுவில் தனித்தனி எழுத்து மாறியிருப்பதை மட்டும் படிக்கிறார்களா, துண்டு இழப்பையும் இரட்டிப்பையும் சேர்த்துப் பார்க்கிறார்களா? ப்ரெசெனிலின் 1-இல் ஒன்பதாவது எக்ஸான் (மரபணுவின் ஒரு பகுதி) முழுதாக விடுபட்டுப்போன குடும்பங்கள் உண்டு; அமிலாய்டு முன்னோடி மரபணு இரட்டித்த குடும்பங்களும் உண்டு. வெறும் எழுத்து வாசிப்பில் இவை நழுவிவிடும். அறிக்கையில் ‘பொருள் தெளிவற்ற மாற்றம்’ என்று வந்தால் அதை நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொதுவாகக் கடைவிரிக்கப்படும் ஏபிஓஇ என்ற மரபணுவின் சோதனை முற்றிலும் வேறு. அது வாய்ப்பு கூடுதலா குறைவா என்று மட்டும் சொல்லும், இந்த நொதிக் கூட்டின் பாகமும் அல்ல.

இந்தக் கூட்டின் மரபணு கெட்டால் வருவது அல்சைமர் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். நிகாஸ்ட்ரின், பென்-2, ப்ரெசெனிலின் 1 ஆகியவற்றின் ஒரு பிரதி செயலிழந்த சீனக் குடும்பங்களில் அக்குள், தொடை இடுக்குகளில் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி வரும் பரம்பரைத் தோல் நோய் இருப்பது 2010-இல் தெரியவந்தது. நொதி குறைந்தாலே தோல் தாங்குவதில்லை.

முதுகலை ஆய்வுத் திட்டத்துக்கு இந்தப் புரதங்களை எடுக்கும் மாணவர்களும் தங்கள் இணைப்பைப் படிக்கிறார்கள் என்பதால் சில வரிகள். புரதங்களை ஜெல்லில் பிரித்துக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் ப்ரெசெனிலின் தெரியவில்லை என்று வரும் புகாரில் பெரும்பாலும் குற்றவாளி பழக்கதோஷத்தில் 95 டிகிரியில் கொதிக்கவைத்த மாதிரி. ஒன்பது முறை சவ்வில் புகும் புரதம் கொதித்தால் ஒன்றோடொன்று திரண்டு ஜெல்லின் உச்சியிலேயே நின்றுவிடும். 37 முதல் 50 டிகிரிக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். முழு நீளப் பட்டையைத் தேடாமல் 30, 20 கிலோடால்டன் துண்டுகளைத் தேட வேண்டும். பென்-2 பத்துப் பன்னிரண்டு கிலோடால்டன்தான், சாதாரண ஜெல்லில் ஓடி வெளியே போய்விடும். ட்ரைசின் ஜெல்லும் 0.2 மைக்ரான் துளையுள்ள சவ்வும் வேண்டும். நான்கும் சேர்ந்திருப்பதைக் காட்ட சவ்வைக் கரைக்கும் ட்ரைட்டன் எக்ஸ்-100 ஆகாது, கூட்டைக் கலைத்துவிடும். சாப்ஸோ என்ற மென்மையான கரைப்பானில் 1 சதவீதத்தில் கரைத்தால் கூட்டு நிலைக்கும். நொதியின் வேலையை அளக்கும்போது அதை 0.25 சதவீதத்துக்குக் குறைத்து, பாஸ்ஃபாடிடைல்கோலின் என்ற கொழுப்பைச் சேர்த்து, 37 டிகிரியில் வைக்க வேண்டும். டிஏபிடி அடைப்பான் சேர்த்த ஒரு குழாய் அருகிலேயே இல்லாவிட்டால் அந்த முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள். வேறு நொதிகளும் துண்டு போடும். 40-ஐயும் 42-ஐயும் பிரிக்க யூரியா சேர்த்த ஜெல் தேவை. அதில் நீளமான 42 முந்திக்கொண்டு ஓடும், குழம்ப வேண்டாம்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். ப்ரெசெனிலின் எட்டு முறையும் பென்-2 இரண்டு முறையும் சவ்வைக் கடப்பதாக வரைந்திருக்கிறார்கள். அது பழைய ஊகம். பெய்ஜிங்கின் யிகோங் ஷி குழுவும் கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகமும் சேர்ந்து 2015-இல் 3.4 ஆங்ஸ்ட்ரம் துல்லியத்தில் வெளியிட்ட உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் கணக்கு தெளிவாக இருக்கிறது: நிகாஸ்ட்ரின் 1, ப்ரெசெனிலின் 9, ஏபிஎச்-1 7, பென்-2 3, ஆக 20. பென்-2-இன் முதல் இரண்டும் உட்பக்கமிருந்து பாதிவரை நுழைந்து திரும்புபவை. 2019-இல் அமிலாய்டுத் துண்டையே பிடித்திருக்கும் நிலையில் நொதியின் படமும் வந்துவிட்டது. வெட்டப்படும் இடத்தில் துண்டின் சுருள் அவிழ்ந்து, ப்ரெசெனிலினின் இழைகளோடு சேர்ந்து தட்டையாகப் படிந்திருப்பது அதில் தெரிகிறது. திருத்தம் வெளியிடும்போது பழைய படத்தை நீக்கிவிட்டு இவற்றை ஒட்டி புதிதாக வரையச் சொல்லுங்கள். பெட்டிச் செய்திக்கான திருத்தம் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் துறை ஆசிரியர்கள் சிலர்,
மதுரை